முதுகுப் பக்கத்துக் கொக்கி

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைச் சொல்வது சுலபம். நாய் குரைத்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவேன். தபால்காரர் யார் வீட்டு வாசலில் நின்று தந்தி என்று சொன்னாலும் நான் உள்ளே ஓடிவிடுவேன். தையல் மெஷினில் ஊசி விரலுக்குள் ஏறியிருக்கிறது, அதற்கெல்லாம் பயந்ததில்லை. ஆனால் காக்கி போட்ட ஆள் கடைக்குள் நுழைந்தால் இன்றைக்கும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவேன். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த பைத்தியத்தைப் பாருங்கள்: கப்பலில் ஏறி நட்சத்திரத்துக்குப் போகிறவர்களின் படங்களைச் சேர்ப்பது.

அறுபதுகளில் கடலூர் ஓ.டி. என்கிற பழைய நகரத்தின் கடைத்தெருவில் என் தாய்மாமாவின் தையல் கடையில் வேலை பார்த்தேன். மாமா துணியை வெட்டுவார், நான் தைப்பேன். மூன்றாவது ஆள் கிடையாது. என் அக்காவை, நாங்கள் லாத்தா என்போம், கட்டிய மச்சான் சிங்கப்பூரில் ஒரு மளிகைக் கடையில் இருந்தார். அந்த ஊருக்கு அப்போதுதான் டெலிவிஷன் வந்திருந்தது. ஒரு மன்றத்தில் பெட்டியை வைத்து, தெருவே கூடித் தரையில் உட்கார்ந்து பார்க்குமாம். வாரம் ஒருநாள் ஆகாயக் கப்பல் கதை ஒன்று வருகிறது என்று மச்சான் எழுதினார். மச்சானுக்கு இங்கிலீஷ் அரைகுறை. அதனால் கதையும் எங்களுக்கு அரைகுறையாகத்தான் வந்து சேர்ந்தது. 'இந்த வாரம் கமாண்டருக்குக் காய்ச்சல் போலத் தெரிகிறது, மொட்டைத்தலைக்காரன் ஒருத்தன் வந்து என்னமோ சொன்னான், எல்லாரும் அழுதார்கள்' என்று எழுதுவார். அவ்வளவுதான் கதை.

அந்தத் தொடரின் படங்களை அட்டையில் அச்சடித்து, பபிள்கம் பொட்டலத்துக்குள் ஒன்றொன்றாக வைத்து விற்றார்கள். மச்சான் கம்மை மென்று துப்பிவிட்டு அட்டையை எனக்கு அனுப்பினார். லாத்தாவுக்கு வரும் பார்சலில் கைலி, தைலம், சோப்பு, அதற்கடியில் காகிதத்தில் சுற்றிய என் அட்டைகள். மொத்தம் அறுபது என்று முதல் அட்டையின் பின்பக்கத்தில் பட்டியல் இருந்தது. எனக்குக் கிடைத்தவை நாற்பத்திரண்டு. ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, மெஷினின் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். டப்பாவைத் திறந்தால் கம்மின் இனிப்பு வாசம் கடை முழுக்க வரும். மாமா மூக்கைச் சுளிப்பார்.

எனக்குக் கதை முக்கியமில்லை, உடுப்புதான் முக்கியம். கமாண்டர் போட்டிருந்த உடுப்பைத் தையல்காரன் எவன் பார்த்தாலும் சாப்பாடு இறங்காது. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணி. பொத்தான் இல்லை, காஜா இல்லை, ஜிப் இல்லை. இடுப்பில் தையல்கூட இல்லை. அப்படியானால் அந்த மனுஷன் உள்ளே எப்படிப் போனான்? கழுத்தில் இரும்பு வளையம் வேறு. அந்த வளையத்தின் வழியாகத் தலை நுழையலாம், தோள் நுழையுமா? ஒரு வருஷம் இந்தக் கேள்வியோடு படுத்தேன், எழுந்தேன்.

சிதம்பரத்து வாத்தியார் வந்தது அப்போதுதான். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார் வேலை புதிதாகக் கிடைத்து, அதற்கான காகித வேலையாகக் கடலூர் வந்தவர், அப்படியே பேண்ட் தைக்க எங்கள் கடைக்கு வந்தார். என்னைவிட மூன்று வயது பெரியவர், ஒல்லி, கண்ணாடி. அளவு எடுக்கும்போது மெஷின் மேல் கிடந்த அட்டையைப் பார்த்துவிட்டார். இஞ்சு டேப்பை இடுப்பிலேயே தொங்கவிட்டுக்கொண்டு போய் அதைக் கையில் எடுத்தார்.

"பாய், இது முன்னாடி தெறக்குற சட்டை. மூடுற மடிப்பு உள்ள மறைஞ்சிருக்கு" என்றார்.

"முன்னாடி மடிப்பு இருந்தா நெஞ்சுல ஒரு கோடு தெரியும் சார். இதுல தெரியல. தெறப்பு முதுகுல இருக்குது. கொக்கி வச்சித் தச்சிருக்கான்."

"ஆகாயத்துல காத்தே கிடையாது. கொக்கி வச்சா இடைவெளியில எல்லாக் காத்தும் வெளிய போயிடும். ஆள் செத்துடுவான்."

"அது உங்க சயின்ஸ். இது தையல்."

பேண்டை மறந்துவிட்டு ஒன்றரை மணி நேரம் பேசினோம். மாமா இரண்டு தடவை இருமிக் காட்டினார். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை அது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான சண்டை வேறெதுவும் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சர் ரயிலில் சிதம்பரம் போவேன். வடக்கு வீதியில் அவர் வீடு. அவருக்கு அப்பா இல்லை. அம்மாவும், கல்யாணத்துக்கு நிற்கிற இரண்டு தங்கைகளும் அவர் ஒருத்தர் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். பாயை விரித்து அட்டைகளைப் பரப்பி வைத்து, பூட்ஸுக்குள் பேண்ட் போகிறதா பேண்டுக்குள் பூட்ஸ் போகிறதா, தோளில் உள்ள பட்டை தைத்ததா ஒட்டியதா, அந்தக் கப்பலில் வண்ணான் உண்டா என்று சாயங்காலம் வரை பேசுவோம். அட்டைகளில் பாதியை அவரிடம் கொடுத்து வைத்தேன். அடுத்த மாதம் மாற்றிக்கொள்வோம்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே குறை, இருபத்துமூன்றாம் அட்டை இல்லை. பட்டியலில் அதற்கு, கமாண்டர் கப்பலை நோக்கி நடந்து போகிறார் என்று போட்டிருந்தது. நடந்து போகிறார் என்றால் முதுகு தெரியும். முதுகு தெரிந்தால் எங்கள் வழக்கு தீர்ந்துவிடும். மச்சானுக்கு ஒவ்வொரு கடிதத்திலும் அதைத்தான் கேட்டேன். 'கம் மென்று மென்று தாடை நோகிறது, மாப்பிள்ளை' என்று பதில் வந்தது.

மாதம் ஒரு தடவை பேசினால் போதவில்லை. தபால் கார்டில் எழுத ஆரம்பித்தோம். விளையாட்டுக்கு அவர் எனக்குக் 'கமாண்டர் அவர்களுக்கு' என்று எழுதுவார். கீழே தன் பேரைப் போடாமல் 'துணைக் கமாண்டர்' என்று கையெழுத்து. நானும் அப்படியே. யாரும் படிக்கலாம் என்பதுதான் தபால் கார்டு. அதை நாங்கள் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

அறுபத்தைந்தில் அவர் பள்ளிக்கூடத்தில் பொருட்காட்சி வைக்கத் திட்டம் போட்டார்கள். கமாண்டர் உடுப்பு ஒன்று தைத்துக் கொடுங்கள், பிள்ளைகளுக்குக் காட்டி ஆகாயத்தைப் பற்றிப் பாடம் சொல்கிறேன் என்று கேட்டார். நாடகக்காரர் ஒருவர் எங்கள் கடையில் விட்டுப்போன வெள்ளி நிற சாட்டின் துணி இருந்தது. மாமா தலையில் அடித்துக்கொண்டே கொடுத்தார். தொப்பிக்குப் பள்ளிக்கூடத்து லேப்பில் உள்ள கண்ணாடிச் சாடியைக் கவிழ்த்துக்கொள்ளலாம் என்பது வாத்தியார் யோசனை. திறப்பு முன்பக்கம்தான் வைக்க வேண்டும் என்று நாலு கார்டு போட்டார். நான் ஒன்றுக்கும் பதில் எழுதாமல் முதுகில் வைத்தேன். என் கையால் தைக்கிற சட்டைக்குத் திறப்பு எங்கே என்று சொல்ல அவர் யார்? பிடரியிலிருந்து இடுப்பு வரை ஒன்பது கொக்கி. முடித்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து வடக்கே எல்லையில் சண்டை வந்தது.

சண்டை நடந்த இடத்துக்கும் கடலூருக்கும் எவ்வளவோ தூரம். ஆனாலும் துறைமுகம் உள்ள ஊர் என்பதால் விளக்கை மறைக்கச் சொன்னார்கள். டீக்கடையில் ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். விமானத்திலிருந்து குடை பிடித்து ஆட்கள் இறங்குகிறார்கள், சாமியார் வேஷத்தில் வருகிறார்கள், போலீஸ் வேஷத்தில் வருகிறார்கள் என்று தினம் ஒரு பேச்சு. தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் ஒரு குடையைப் பார்த்ததாக ஒருத்தர் சத்தியம் செய்தார். போய்ப் பார்த்தால் மீன் வியாபாரி விட்டுப்போன தாழங்குடை. எங்கள் தெருவில் மட்டும் யாரும் இதைச் சொல்லிச் சிரிக்கவில்லை. பள்ளிவாசலிலிருந்து வருகிறவர்கள் கூட்டமாக நிற்காமல் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். எங்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்லிவிடுவார்களோ என்று நாங்களாகவே குரலைக் குறைத்துக்கொண்டோம்.

ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். ஏட்டு கடைக்கு வந்தார். அவருடைய காக்கிக் கால்சட்டை நாங்கள் தைத்ததுதான். அதை வைத்துத்தான் எப்போதும் அவரைப் பார்த்துச் சிரிப்பேன். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. கையில் ஒரு தபால் கார்டு.

"தம்பி, இது ஒனக்கு வந்ததுதான?"

வாத்தியாரின் குண்டு குண்டான கையெழுத்து. ஏட்டு அதை என்னிடம் கொடுக்கவில்லை, தானே படித்தார். 'கமாண்டர் அவர்களுக்கு. உடுப்பு அடுத்த வாரத்துக்குள் தயாராக வேண்டும். தோளில் மூன்று பட்டை. ஆகாயத்திலிருந்து இறங்குகிறவனுக்கு முதுகுப் பை அவசியம். திறப்பு முன்பக்கம்தான். முதுகில் வைத்தால் தனியாக இறங்குகிறவன் என்ன செய்வான்? கண்ணாடிச் சாடி என்னிடம் தயார். விஷயம் அதுவரை நமக்குள் இருக்கட்டும். இப்படிக்கு, துணைக் கமாண்டர்.'

பிள்ளைகளுக்கு முன்கூட்டித் தெரிந்துவிட்டால் ஆச்சரியம் போய்விடும் என்பதற்காகத்தான் அந்தக் கடைசி வரி. அதைச் சொல்லாமல் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"சிதம்பரம் முத்திரை இருக்குது, பேரு இல்ல" என்றார் ஏட்டு. "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அந்த உடுப்ப எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு வா. இன்ஸ்பெக்டர் அய்யா கேப்பாரு, இத எழுதுனவன் யாருன்னு. யோசிச்சு வையி."

அவர் போனதும் மாமா பாதி வெட்டிய துணியை அப்படியே விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏன்டா, ஊர் ஒலகத்துல எல்லாரும் தீப்பெட்டிப் படம் சேக்குறான், நீ என்னாடான்னா பட்டாளத்துக்காரன் படம் சேத்து வச்சிருக்கிறியே. பேர சொல்லித் தொலைச்சிட்டு வந்துடு."

பேரைச் சொன்னால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். வாத்தியாருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இவர் ஒழுங்கான ஆள் என்று போலீஸிலிருந்து ஒரு காகிதம் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அது எப்போது வரும், எப்போது வரும் என்று அவர் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தக் கார்டும் அவர் பேரும் ஒரே மேசையில் சேர்ந்தால் அந்தக் காகிதம் வராது. வேலை போகும். அந்த வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லை.

மதியம் ரயிலேறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் யாராவது காக்கியில் ஏறுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே போனேன். டிக்கெட் பரிசோதகர் வந்தபோது டிக்கெட் கையில் இருந்தும் இரண்டு பைகளிலும் தேடினேன். வாத்தியார் அப்போதுதான் பள்ளிக்கூடம் விட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். சொன்னேன். துண்டைக் கையில் பிடித்தபடியே நின்றார். முகத்திலிருந்து தண்ணீர் சட்டையில் சொட்டியது, துடைக்கவில்லை.

"நான் வந்து சொல்லிடுறேன் பாய். எழுதுனது நானு. நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்?"

உள்ளேயிருந்து அவர் அம்மா காபியோடு வந்தார். "வாங்க தம்பி, ஞாயித்துக்கெழம இல்லாம வந்திருக்கீங்க" என்று சிரித்தார். பின்னால் தங்கை ஒருத்தி புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு நிமிஷம் நான் நல்லவனாகிவிட்டேன். எங்கிருந்து வந்ததோ, தைரியம் மாதிரி ஒன்று வந்தது. அம்மா உள்ளே போன பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வாத்தியாரே, நீங்க வர வேணாம். நான் சொல்ல மாட்டேன். அல்லா மேல ஆணையா உங்க பேரு என் வாயில இருந்து வராது."

அவர் கண் கலங்கியது. எனக்கும்தான். திரும்பி வரும் வழியில் கிள்ளை தாண்டும்போதே அந்தத் தைரியம் இறங்கிப் போய்விட்டது.

மறுநாள் காலை உடுப்பை மஞ்சள் பையில் சுருட்டி, பிஸ்கட் டப்பாவையும் அதில் வைத்துக்கொண்டு போனேன். லாத்தா வாசலில் நின்று ஓதி என் மேல் ஊதினாள். ஸ்டேஷனில் அரைமணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உள்ளே யாரோ ஒருத்தரைச் சத்தமாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் திட்டு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்க்கவில்லை. கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏட்டு பக்கத்தில் நின்றார்.

"யாருப்பா எழுதுனது?"

அவ்வளவுதான் கேட்டார். அடிக்கவில்லை, மிரட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. இரண்டாவது தடவை கேட்கவும் இல்லை. நான் சொல்லிவிட்டேன். பேரைச் சொன்னேன். தகப்பனார் பேரின் முதல் எழுத்தோடு சொன்னேன். பள்ளிக்கூடத்தைச் சொன்னேன். வடக்கு வீதியில் எத்தனையாவது வீடு என்பதைக்கூடக் கேட்காமலே சொன்னேன். முந்தின நாள் இட்ட ஆணை என் காதில் கேட்டது. கேட்டுக்கொண்டே சொன்னேன். இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான், "உடுப்ப எடு" என்றார்.

மேசை மேல் விரித்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளி சாட்டின் மீன் செதில் மாதிரி பளபளத்தது. சிங்கப்பூர், டெலிவிஷன், பபிள்கம், பொருட்காட்சி என்று நான் உளறியது அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. டப்பாவிலிருந்த அட்டைகளைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "போட்டுக் காட்டு" என்றார்.

கைலியை மடித்துக் கட்டி உள்ளே திணித்து, காலை விட்டு, கையை விட்டேன். அது வாத்தியார் அளவு. எனக்குத் தொப்பையில் பிடித்தது. முதுகு திறந்தே கிடந்தது. கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொக்கியைத் தேடினேன். எட்டவில்லை. வலது கையால் முயன்றேன், இடது கையால் முயன்றேன். ஸ்டேஷன் நடுவில் வெள்ளி உடுப்போடு ஒரு சுற்று சுற்றினேன். கடைசியில் ஏட்டு அய்யோ பாவம் என்று வந்து ஒவ்வொரு கொக்கியாக மாட்டிவிட்டார். ஏழாவது கொக்கி மாட்டும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் கார்டை எடுத்து மறுபடி படித்தார். "முதுகில் வைத்தால் தனியாக இறங்குகிறவன் என்ன செய்வான்." என்னைப் பார்த்தார். "அவன் சரியாத்தான்யா கேட்டிருக்கான். இத மாட்டிவிட ஒரு ஏட்ட கூடவே கூட்டிக்கிட்டு வந்துதான் ஆகாயத்துல இருந்து எறங்கணும்." அப்புறம் அவரும் சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து எழுத்தர் வந்து பார்த்துச் சிரித்தார். நானும் சிரிக்க வேண்டுமோ என்று நினைத்துச் சிரித்துப் பார்த்தேன். பல் அடித்துக்கொண்டது.

"போ. இந்த நேரத்துல இந்த மாதிரி கார்டு எல்லாம் எழுதக் கூடாது. போயி பொழப்பப் பாரு" என்றார். கொக்கிகளை ஏட்டுதான் கழற்றிவிட்டார்.

வெளியே வரும்போது வாத்தியார் பேரை எழுதிய அந்தக் காகிதத்தைத் திரும்பிப் பார்த்தேன். மேசை மேல் காற்றுக்குப் பறக்காமல் மைக்கூடு வைத்திருந்தது. அதைக் கிழித்தாரா, கோப்பில் வைத்தாரா, சிதம்பரத்துக்கு அனுப்பினாரா, எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியம் இல்லை.

சண்டை நின்றது. எல்லாருக்கும் பயம் போனது. எனக்கு மட்டும் போகவில்லை. பொருட்காட்சி நடக்கவில்லை. உடுப்பைப் பிரித்து லாத்தா தலையணை உறை தைத்தாள். வழுக்கிக்கொண்டே இருந்ததால் ஒருத்தரும் அதில் படுக்கவில்லை. வாத்தியாருக்கு உறையிட்ட கடிதத்தில் இரண்டே வரி எழுதினேன்: 'விசாரித்தார்கள். விட்டுவிட்டார்கள். இனிமேல் கார்டு போட வேண்டாம்.' ஞாயிற்றுக்கிழமைகளில் மேலுக்கு முடியவில்லை என்று சொல்லிப் போகாமல் இருந்தேன். தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே, வாத்தியாருக்கு வேலை போய்விட்டது என்ற கடிதம் அவர் பையில் இருக்கிறது என்று நினைப்பேன். ஒருதடவை நினைத்து நினைத்து, ஒரு பேண்டின் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். ஏட்டு வழியில் என்னைக் கண்டால், "கமாண்டரே" என்று கூப்பிட்டுச் சிரிப்பார். அவருக்கு அது வேடிக்கை. அவரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

பொங்கல் கழிந்து ஒருநாள் வாத்தியாரே கடைக்கு வந்தார். அவர் வருவதைக் கண்ணாடியில் பார்த்ததும் பின்பக்கமாகப் போய்விடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குள் அவர் உள்ளே வந்து, மாமா முன்னாலேயே என்னைக் கட்டிப் பிடித்தார்.

"வேல நெரந்தரமாயிடுச்சு பாய். போலீஸ் காகிதம் வந்துருச்சு. ஒரு தப்பும் இல்லாம வந்துருச்சு."

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் மாமா பக்கம் திரும்பினார். "இவுரு மட்டும் அன்னைக்கு என் பேர சொல்லியிருந்தார்னா எங்க குடும்பமே நடுத்தெருவுல நின்னிருக்கும் மாமா. போலீஸ்கிட்டப் போயி வாயத் தெறக்காம இருந்திருக்காரு. யாரு செய்வா?" பையிலிருந்து நூலில் கட்டிய அட்டைகளை எடுத்தார். அவரிடம் இருந்த பாதி. "இது எல்லாம் ஒங்ககிட்டதான் இருக்கணும்."

மாமா என்னைப் பார்த்தார். ஸ்டேஷனில் நடந்ததை அவரிடம் அப்படியே சொல்லியிருந்தேன். அவர் கத்தரிக்கோலை எடுத்துத் துணியை வெட்ட ஆரம்பித்தார். நான் அட்டைகளை வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டது சொன்னதைவிடப் பெரிய தப்பு. சொன்னது பயத்தில் ஒரு நிமிஷத்தில் நடந்தது. இதை யோசித்துச் செய்தேன்.

அடுத்த வருஷம் மச்சான் லீவில் வந்தார். பெட்டியைத் திறந்ததும் லாத்தாவுக்குப் புடவை எடுப்பதற்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து என் கையில் வைத்தார். இருபத்துமூன்று. வேறு யாரோ ஒரு கடைக்காரர் மகனிடம் மன்றாடி வாங்கினாராம்.

கமாண்டர் முதுகைக் காட்டி நடந்து போகிறார். முதுகு முழுக்க ஒரு பெரிய பெட்டி. திறப்பு அதன் அடியில் இருக்கிறதா இல்லையா என்று தெரியவே தெரியாது. நான் சிரித்துவிட்டேன். இதை வைத்து இன்னும் பத்து வருஷம் சண்டை போடலாம். அந்த ஞாயிற்றுக்கிழமையே சிதம்பரம் போனேன். ரயிலில் என் வாதத்தை எல்லாம் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டேன். அவர் என்ன சொல்வார் என்பதும் எனக்குத் தெரியும்: பெட்டி கனமானது, கொக்கி தாங்காது, அதனால் திறப்பு முன்பக்கம்தான் என்பார்.

அட்டையை அவர் வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"நீங்க சொன்னதுதான் சரி பாய். தெறப்பு முதுகுலதான் இருக்கணும்."

"தெரியலியே வாத்தியாரே. பெட்டி மறைக்குது பாருங்க."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"பெட்டி கனம் இருக்கே. கொக்கி எப்படித் தாங்கும்?" அவருடைய வாதத்தை நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"சண்டை போடுங்க வாத்தியாரே" என்றேன்.

"ஒங்ககிட்டயா? இந்தச் சென்மத்துல மாட்டேன்" என்று சிரித்தார். "எனக்காக நீங்க நின்ன மாதிரி யாரு நிப்பா?"

பூட்ஸைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் சொன்னதே சரி என்றார். தோள் பட்டையைப் பற்றிக் கேட்டேன். அதுவும் நான் சொன்னதே சரி. நாற்பத்துமூன்று அட்டைகளும் பாயில் கிடந்தன, வாதாட ஒருத்தரும் இல்லை. சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால் என்னைத் திட்டுவார். திட்டினாலும் பரவாயில்லை, பழைய வாத்தியார் திரும்ப வருவார். அட்டைகளைத் தள்ளிவைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்போது அவர் அம்மா காபி கொண்டு வந்து, என் கையில் கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுத்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது. காபியை வாங்கிக் குடித்தேன்.